டீச்சர் பதில்கள்: ஹோஸ்டல் தீபாவளி, கேம்பஸ் பொங்கல்

இந்த மாசம் வந்த கடிதங்களையும் போன்ல வந்த மெசேஜுங்களையும் ஒண்ணா வச்சுப் பார்த்தேன், முக்கால்வாசி யூனிவர்சிட்டி பிள்ளைங்களும் அவங்களப் பெத்தவங்களும் அனுப்பினது. அதுலயும் நம்ம பெஹ்ராங், சிலிம் ரிவர், சுங்காய், பீடோர் பக்கத்துத் தோட்டங்கள்ல இருந்து போன பிள்ளைங்க தான் நெறைய. சுத்திச் சுத்தி எல்லாரும் கேக்குறது ஒண்ணு தான், வீட்டுல அம்மாவும் பாட்டியும் எடுத்துச் செஞ்ச பண்டிகைய கேம்பஸ்ல யாரு செய்றது, எப்படிச் செய்றதுன்னு. அதனால மத்த கேள்விய எல்லாம் அடுத்த மாசத்துக்குத் தள்ளி வச்சுட்டு இந்தத் தடவை இதையே எடுத்துக்கிட்டேன்.

கே: டீச்சர், என் மகனுக்கு சரவாக்ல இடம் கெடச்சு போயிருக்கான். அங்க தீபாவளிக்கு லீவு இல்லையாம், மறுநாள் டெஸ்ட் வேற இருக்காம். பொறந்ததுல இருந்து ஒரு தீபாவளிக்கும் அவன் வீட்டுல இல்லாம இருந்ததில்ல. எனக்குப் பலகாரம் சுடவே கை வரல.
ஓர் அம்மா, பெஹ்ராங்

ப: அம்மா, முதல்ல அடுப்பப் பத்த வைங்க. நீங்க சட்டி வச்சா தான் அங்க அவனுக்குத் தீபாவளி.

நம்ம மலேசியாவுல சரவாக்ல மட்டும் தான் தீபாவளிக்குப் பொது விடுமுறை கெடையாது, மத்த எல்லா மாநிலத்துலயும் உண்டு. அதுக்காக லீவு கேக்கவே கூடாதுன்னு ஒண்ணும் இல்ல. மறுநாள் இருக்கிறது டெஸ்ட்டா இல்ல பைனல் பரீட்சையான்னு மொதல்ல கேளுங்க. டெஸ்ட்னா அது லெக்சரர் கையில இருக்கிற விஷயம், ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே நேர்ல போய்ப் பாத்துட்டு ஒரு லெட்டரும் கொடுத்தா மாத்தி வைக்கிறவங்க நெறைய பேர் இருக்காங்க, அதையே முதல் நாள் ராத்திரி மெசேஜ்ல கேட்டா யாரும் ஒத்துக்க மாட்டாங்க, அது அவங்க தப்பும் இல்ல. பைனல்னா அத அசைக்க முடியாது, உக்காந்து படிச்சு எழுதட்டும், தீபாவளி அவனுக்காகக் காத்திருக்கும்.

பார்சல் அனுப்புங்க. முறுக்கு, ஓமப்பொடி, அதிரசம் மூணும் தாங்கும். நெய் உருண்டை போய்ச் சேர்றதுக்குள்ள மாவாயிடும், அச்சு முறுக்கு தூளாயிடும், அது ரெண்டையும் அவன் செமஸ்டர் லீவுல வர்றப்ப சுட்டுக் கொடுங்க. பெரிய மைலோ டின்னக் கழுவி நல்லா வெயில்ல காய வச்சு, அடியில பேப்பர் போட்டு, முறுக்க நிக்க வச்சு அடுக்கி, மேல கொஞ்சம் கூட இடம் இல்லாம பேப்பரத் திணிச்சு மூடிடுங்க. உள்ள ஆடுற முறுக்கு தான் உடையும், ஆடாத முறுக்கு உடையாது. தீபாவளிக்குப் பத்து நாள் முன்னாடி போஸ்ட் பண்ணிடுங்க, கடல் தாண்டிப் போகணும்ல.

அப்புறம் எண்ணெய்க் குளியல். கடையில மின்யாக் பிஜான்னு கறுப்பா ஒரு பாட்டில் இருக்கும், அது வறுத்த எள்ளுல எடுத்த சீனச் சமையல் எண்ணெய், தலைக்கு ஆகாது, வாசம் ரெண்டு நாளைக்குப் போகாது. அடுத்த தடவை அவன் வீட்டுக்கு வந்துட்டுப் போறப்ப ஒரு சின்ன பாட்டில் நல்லெண்ணெயும் சீயக்காய்ப் பொடியும் பையில போட்டு விடுங்க. இன்னொண்ணு, சரவாக்ல நம்ம பக்கத்த விட அரை மணி நேரத்துக்கு மேல முன்னாடியே விடிஞ்சிரும், ஊரு அவ்வளவு கிழக்கால இருக்கு, ஆனா 1982ல இருந்து கடிகாரம் மட்டும் ரெண்டு பக்கமும் ஒண்ணு. இங்க ஆறு மணிக்கு எண்ணெய் வச்சாலும் இருட்டு தான், அங்க ஆறு மணிக்குக் கெழக்கு வெளுத்துரும். விடியறதுக்கு முன்னாடி குளிக்கணும்னா அஞ்சு மணிக்கே எழுப்பி விடுங்க, நீங்களே போன் போட்டு எழுப்புங்க, வீட்டுல எழுப்புற மாதிரியே.

முதல் நாள் சாயங்காலம் பெரியவங்களுக்குப் படையல் போடுவீங்கல்ல, அப்ப வீடியோ கால் போட்டு போன சாமி மாடத்துக்குப் பக்கத்துல சாய்ச்சு வைங்க. இலையில நீங்க ஒவ்வொண்ணா வைக்கிறத அவன் பாக்கட்டும். அந்தக் கேம்பஸ்லயே பிளேன் டிக்கெட்டுக்குக் காசு இல்லாம தங்கிட்ட தமிழ்ப் பிள்ளைங்க இன்னும் நாலு பேராவது இருப்பாங்க. மைலோ டின்ன ரெண்டா அனுப்புங்கம்மா.

கே: எங்க யூனிவர்சிட்டி இந்திய மாணவர் கழகத்துல பொங்கல் வைக்கிறோம். திறந்த வெளியில நெருப்பு மூட்டக்கூடாதுன்னு நிர்வாகம் சொல்லிருச்சு. கேஸ் அடுப்புல குக்கர வச்சுட்டு மேடையில டான்ஸ் ஆடினா போதும்னு கமிட்டியில பாதி பேர் சொல்றாங்க. எனக்கு மனசு ஒப்பல டீச்சர்.
கழகச் செயலாளர், சொந்த ஊர் சுங்காய்

ப: தம்பி, எனக்கும் ஒப்பல. குக்கர்ல சர்க்கரைப் பொங்கல் செய்யலாம், தப்பே இல்ல, ஆனா குக்கருக்குள்ள பொங்குறது யாருக்கும் தெரியாது. பொங்குறதப் பாக்குறதுக்குத் தானேய்யா அந்தப் பண்டிகை.

நெருப்புக்குப் பயப்படுறது நிர்வாகத்தோட கடமை, அதுல கோபப்படாதீங்க. அவங்க பயத்துக்குப் பதில் எழுதிக் கொடுங்க. கட்டடத்துலயும் மரத்துலயும் இருந்து தள்ளி ஒரு இடம், அதோட படம் வரைஞ்சு, கீழ தகரத் தகடு, அது மேல மணல், மணல் மேல மூணு செங்கல், எத்தனை அடுப்பு, யார் யார் பொறுப்பு, ரெண்டு வாளி தண்ணி, ஒரு தீயணைக்கிற சிலிண்டர், காலையில எத்தனை மணிக்கு மூட்டி எத்தனை மணிக்கு அணைப்போம், சாம்பல யார் அள்ளுவாங்க, எல்லாத்தையும் ஒரு பக்கத்துல எழுதி ஒன்றரை மாசத்துக்கு முன்னாடி கொடுங்க. பாதுகாப்புப் பிரிவுல இருந்து ஒருத்தர் வந்து நிக்கணும்னு நீங்களே கேளுங்க. இப்படி எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கின பிள்ளைங்கள எனக்குத் தெரியும். பத்து அடுப்பு வேணாம், ஒண்ணு போதும், மத்ததுக்கு கேஸ் அடுப்பு இருக்கட்டும்.

இப்ப அந்த ஒரு அடுப்பப் பத்திச் சொல்றேன். மண்பானைய வாங்கின அன்னைக்கே அடுப்புல ஏத்தாதீங்க, வெடிச்சிரும். ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணியில போட்டு வைங்க, மறுநாள் கஞ்சித் தண்ணி ஊத்தி சின்னத் தீயில கொதிக்க வச்சு ஆற விடுங்க, இத ரெண்டு தடவை செஞ்சா பானை பழகிரும். கழுத்துல மஞ்சள் கொத்தும் இஞ்சிக் கொத்தும் கட்டுங்க, இலையோட. பாலும் தண்ணியும் கலந்து கழுத்து வரைக்கும் ஊத்தணும், அரைப் பானை ஊத்திட்டு பொங்கல பொங்கலன்னு நின்னா எப்படிப் பொங்கும். பொங்கி வழிஞ்ச உடனே அரிசியக் கொட்டாதீங்க, முதல்ல ரெண்டு கரண்டி பாலத் தனியா எடுத்து வச்சுக்கிட்டு அப்புறம் களைஞ்ச பச்சரிசியப் போடுங்க, இல்லேன்னா வழிஞ்சு வழிஞ்சு அடுப்பே அணைஞ்சிரும், எடுத்த பால அரிசி வேக வேக ஊத்திக்கலாம். ஒரு கப் அரிசிக்குக் கால் கப் பாசிப்பருப்பு, ஒன்றரை கப் வெல்லம். வெல்லம் கெடைக்கலேன்னா கூலா மலாக்கா போடுங்க, நிறமும் வாசமும் வேற மாதிரி இருக்கும் ஆனா நல்லா இருக்கும். அரிசி குழைஞ்சதுக்கு அப்புறம் தான் இனிப்பு, முன்னாடியே போட்டா அரிசி விறைச்சுக்கும், அப்புறம் எவ்வளவு நேரம் வச்சாலும் வேகாது.

எங்க தோட்டத்துல பொங்கல் அன்னைக்கு லயத்து வாசல்ல வீட்டுக்கு ஒரு அடுப்பு, நீட்டு வரிசையா மூணு மூணு செங்கலா இருக்கும். விறகு கித்தா (ரப்பர்) மரத்து விறகு, மறுநடவுக்குச் சாய்ச்ச பழைய மரம், காஞ்சா நல்லா நின்னு எரியும். காலையில பெரட்டுக்கு, அதான் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற எடத்துக்கு, போற நாளா இருந்தா அம்மா நாலு மணிக்கே எழுந்து அந்த இருட்டுலயே கோலம் போட்டு முடிச்சிருவாங்க, மண்ணெண்ணெய் விளக்க ஒரு கையில பிடிச்சுக்கிட்டு மறு கையால மாவ விடுவாங்க, கோடு நடுங்காது. யார் வீட்டுப் பானை முதல்ல பொங்குதோ அந்த வீட்டுல இருந்து சத்தம் கெளம்பும், அப்புறம் லயம் முழுக்கப் பொங்கலோ பொங்கல் தான். உங்க கேம்பஸ்ல சமையல் தெரியாத பிள்ளைங்க நெறைய பேர் இருப்பாங்க, அதனால என்ன, ஊர்ல இருந்து ஒரு பாட்டியக் கூட்டிட்டு வந்து அடுப்புக்குப் பக்கத்துல நாற்காலி போட்டு உக்கார வைங்க. அவங்க சொல்லச் சொல்ல நீங்க செய்ங்க. நாட்டியத்துக்கு சாயங்காலம் இருக்கு.

கே: என் கிறிஸ்துவத் தோழி பொங்கலுக்கு வரலாமா வேணாமான்னு யோசிக்கிறா. பொங்கல் சமயப் பண்டிகையா, பண்பாட்டுப் பண்டிகையா?
மாணவி, பீடோர்

ப: ரெண்டுமே இருக்கும்மா, வீட்டுல சாமி கும்பிட்டு வைக்கிறவங்களுக்கு அது வழிபாடு, அறுவடைக்கு நன்றி சொல்றவங்களுக்கு அது தமிழர் விழா. தமிழ்நாட்டுலயும் இலங்கையிலயும் எத்தனையோ தேவாலயத்துல பொங்கல் வைக்கிறாங்க. நம்ம நாட்டுல இந்தக் கேள்விக்குப் பெரியவங்க ரொம்ப நாளைக்கு முன்னாடியே வழி காட்டிட்டாங்க. தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 1952ல தமிழர் திருநாள்னு ஆரம்பிச்சு வச்சாரு, சிங்கப்பூர்லயும் மலாயாவுலயும் பொங்கலை ஒட்டி நடக்கும், சமயம் பாக்காம தமிழர் எல்லாரும் ஒரே இடத்துல கூடணும்ங்கிறது தான் அதோட நோக்கம். உங்க தோழிகிட்ட வந்து கோலம் போடச் சொல்லுங்க. தீபாராதனை நேரத்துல அவ தள்ளி நின்னா யாரும் ஏன்னு கேக்காதீங்க.

கே: பொங்கல் ஒரு வருஷம் 14, ஒரு வருஷம் 15ன்னு ஏன் மாறுது? மண்டபம் புக் பண்ணவே கஷ்டமா இருக்கு.
கழகப் பொருளாளர், சிலிம் ரிவர்

ப: தீபாவளி, தைப்பூசம் மாதிரி பொங்கல் சந்திரனப் பாத்து வர்றதில்ல, சூரியனப் பாத்து வர்றது, அதனால தான் இந்த ஒரு நாள் தாண்டி மாறாது. சூரியன் ஒரு சுத்து முடிச்சு அதே எடத்துக்கு வர 365 நாள், 6 மணி, 9 நிமிஷம் கிட்ட ஆகுது. அந்த ஆறு மணி நேரம் வருஷா வருஷம் தள்ளித் தள்ளிப் போகும், லீப் வருஷம் வந்தா ஒரு நாள் பின்னாடி இழுத்துக்கும். மகர ராசிக்குள்ள சூரியன் நுழையுற நேரம் அஸ்தமனத்துக்கு முன்னாடின்னா அன்னைக்கே தை 1, பின்னாடின்னா மறுநாள். அதனால தான் 2024ல 15, 2025ல 14. மிச்சம் இருக்கிற கொஞ்ச நிமிஷம் சேர்ந்து சேர்ந்து 72 வருஷத்துக்கு ஒரு நாள்னு பண்டிகையையே அடுத்த தேதிக்குத் தள்ளிரும், உங்க பேரப்பிள்ளைங்க 16ம் தேதி கூடப் பொங்கல் வைப்பாங்க. பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் கொஞ்சம் வித்தியாசம் வரும், அதனால உங்க ஊர்க் கோயில்ல என்னைக்குன்னு கேட்டுட்டு மண்டபத்துக்குக் காசு கட்டுங்க. கேம்பஸ்ல கூட்டா வைக்கிற பொங்கல தை மாசத்துல எந்த சனிக்கிழமையும் வச்சுக்கலாம்.

கே: அம்மாவுக்கு உடம்பு சரியில்லாதப்ப பால்குடம் எடுக்குறேன்னு வேண்டிக்கிட்டேன். இந்த வருஷம் தைப்பூசத்தன்னைக்கு எனக்குப் பரீட்சை. நான் படிக்கிற மாநிலத்துல அன்னைக்கு லீவும் இல்ல. வேண்டுதல் தவறினா ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்கு.
மாணவி, மூன்றாம் வருஷம்

ப: பயப்படாத கண்ணு, அம்மாவுக்காக வேண்டினவள முருகன் தண்டிக்க மாட்டாரு.

தைப்பூச லீவு பேராக், பினாங்கு, சிலாங்கூர், நெகிரி செம்பிலான், ஜோகூர், கோலாலம்பூர், புத்ராஜெயாவுல இருக்கு, எல்லா மாநிலத்துலயும் கெடையாது. அதோட தைப்பூசம் 2024ல ஜனவரி 25, 2025ல பிப்ரவரி 11, இப்படி ரெண்டு வாரத்துக்கு மேல கூட மாறும், பரீட்சை அட்டவணை போடுறவங்களுக்கு அது தெரியாமப் போறது உண்டு. உங்க கழகத்துல இருந்து வருஷ ஆரம்பத்துலயே நம்ம பண்டிகைத் தேதி எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதி ஃபாகல்டி ஆபீஸ்ல கொடுத்து வைக்கிற பழக்கத்த ஆரம்பிங்க, உனக்கு இல்லேன்னாலும் அடுத்த வருஷம் வர்ற பிள்ளைக்கு உதவும்.

உன் வேண்டுதலுக்கு வர்றேன். பத்துமலையிலயோ ஈப்போவுலயோ அந்த ஒரு நாள்ல தான் எடுக்கணும்னு இல்ல. தைப்பூசத்துக்கு முன்னாடியே வந்து காணிக்கை செலுத்திட்டுப் போறவங்க ஏராளம், அந்தக் கூட்டத்த நீயே பாத்திருப்பே. பங்குனி உத்திரம் இருக்கு. நம்ம பேராக்ல தெலுக் இந்தான் சித்ரா பௌர்ணமி இருக்கு, காவடியும் பால்குடமும் அங்க தைப்பூசம் மாதிரியே நடக்கும். பரீட்சைய முடிச்சுட்டு அதுக்கு விரதம் இரு. ஹோஸ்டல்ல இருந்துக்கிட்டு 48 நாள் சைவம் இருக்கிறதுன்னா சோறும் முட்டைகோஸும் தான் கெடைக்கும், பருப்பும் தயிரும் நீயா வாங்கி வச்சுக்க, மயக்கம் போட்டு விழுற மாதிரி விரதம் இருக்காத. இத அம்மாகிட்ட சொல்லிட்டியா? சொல்லிரு, அவங்களும் உன்கூட நடப்பாங்க.

கே: ரூம்ல சாம்பிராணி போடலாமா? ரூம்மேட் மலாய்த் தோழி, ஒண்ணும் சொல்லல ஆனா ஜன்னலத் திறந்து விடுறா.
மாணவி, சிலிம் ரிவர்

ப: ஜன்னலத் திறக்குறதே பதில் தானேம்மா. சாம்பிராணி வேணாம், புகைக்கு அலாரம் அடிச்சா மாடி முழுக்க கீழ எறங்கணும். படத்துக்குப் பூ வச்சு ஒரு தேவாரம் பாடு, வாசல்ல நின்னு கும்பிடு, விளக்கு வெள்ளிக்கிழமை கோயில்ல போடு. நோன்பு மாசத்துல அவ சாஹூருக்கு, அதான் விடியறதுக்கு முன்னாடி சாப்பிட, எழுந்திருக்கிறப்ப உனக்குத் தூக்கம் கலையும், அப்ப நீயும் ஒண்ணும் சொல்லாத.

கே: டீச்சர், நான் செம்பனைக் குலை வெட்டுறவன். மகள் யூனிவர்சிட்டியில கலை இரவு விழாவாம், ஹோட்டல்ல, டிக்கெட் 120 வெள்ளி, புதுப் புடவை தனி. போகலேன்னா மத்த பிள்ளைங்க ஒதுக்கி வைப்பாங்கன்னு அழுவுறா. கொடுக்குறதா வேணாமா?
ஒரு அப்பா, தோட்டம்

ப: அண்ணே, உங்க கடிதத்த மூணு தடவை படிச்சேன். உங்க கையில காசு இருந்தா கொடுங்க, இல்லேன்னா இல்லன்னு பிள்ளைகிட்ட நேரா சொல்லுங்க, கடன் வாங்காதீங்க. அவ வளர்ந்த பிள்ளை, குலை என்ன கனம்னு அவளுக்குத் தெரியும்.

இனி நான் சொல்றது அந்தக் கழகத்துப் பிள்ளைங்களுக்கு. உங்களுக்கு ஒரு பழைய கதை தெரிஞ்சிருக்கணும். 1950கள்ல மலாயாப் பல்கலைக்கழகத்துல இந்திய ஆய்வியல் துறை வரப்போகுது, அதுல எந்த மொழிக்கு முதல் இடம், தமிழுக்கா சமஸ்கிருதத்துக்கான்னு பெரிய வாக்குவாதம் நடந்துச்சு. அப்ப சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்'னு ஒரு நிதி ஆரம்பிச்சாரு, ஆளுக்கு ஒரு வெள்ளி. பல்கலைக்கழகத்துல தமிழ் நிலைக்கணும், தமிழ்ப் புத்தகம் வாங்கணும்னு அந்தக் காசு. கொடுத்தவங்க யாரு, பால்மரம் வெட்டினவங்க, ரோடு போட்டவங்க, துறைமுகத்துல மூட்டை தூக்கினவங்க. எழுதப் படிக்கத் தெரியாத எங்க தாத்தா சம்பளத்தன்னைக்கு ஒரு வெள்ளிய எடுத்து நீட்டினாராம், ஏன்யா உனக்கு யூனிவர்சிட்டி எங்க இருக்குன்னு தெரியுமான்னு தோட்டத்துக் கணக்கர் கிராணி கேட்டதுக்கு, பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சாப் போதும்ன்னாராம். ஒரு வெள்ளின்னா அப்ப சாதாரணக் காசு இல்ல. 1956ல துறை வந்துச்சு, தமிழும் வந்துச்சு.

அந்த வெள்ளியில வந்த இடத்துல நிக்கிற பிள்ளைங்க தான் இப்ப 120 வெள்ளி டிக்கெட் விக்கிறீங்க. கலை இரவு வேணாம்னு நான் சொல்லல, நாட்டியம் பழகின பிள்ளைக்கு மேடை வேணும், நாடகம் எழுதுறவனுக்கு மேடை வேணும். யூனிவர்சிட்டி மண்டபம் இருக்கு, அதுல நடத்துங்க. சாப்பாட்ட நீங்களே சமைங்க, சாதம் சாம்பார் ரெண்டு பொரியல் பாயாசம், இருநூறு பேருக்கு ஆக்கத் தெரிஞ்ச அண்ணன்மார் ஒவ்வொரு தோட்டத்துக் கோயில்லயும் இருக்காங்க, கூப்பிட்டா அண்டாவோட வருவாங்க. டிக்கெட்ட பத்து வெள்ளியா வைங்க. கொடுக்க முடியாதவங்க யாருன்னு பொருளாளர் ஒருத்தருக்கு மட்டும் தெரியட்டும், அவங்க பேருல டிக்கெட் எழுதிக் கையில கொடுத்துருங்க. அந்தப் பிள்ளைய வாசல்ல நிக்க வச்சுக் கேள்வி கேக்காதீங்க.

அண்ணே, மகள்கிட்ட இந்தப் பக்கத்தக் கிழிச்சுக் கொடுங்க. கமிட்டியில படிக்கட்டும்.

கே: எங்க கழகத்துக்கு அடுத்த வருஷம் 25 வருஷம். வெள்ளி விழாவுல என்ன செய்யலாம்?
கழகத் தலைவர்

ப: கேக் வெட்டுறதுக்கு முன்னாடி ஆள் தேடுங்க. முதல் கமிட்டியில இருந்தவங்க இப்ப அம்பது வயசுக்குள்ள தான் இருப்பாங்க, பாதிப் பேர் நம்ம பள்ளிக்கூடங்கள்லயே டீச்சரா இருக்கலாம். அவங்க வீட்டு அலமாரியில பழைய போட்டோ, அழைப்பிதழ், மினிட் புக் இருக்கும், இன்னும் பத்து வருஷம் விட்டா கரையான் தின்னுரும். ஒவ்வொருத்தரையும் அரை மணி நேரம் பேச வச்சுப் பதிவு பண்ணி, எழுதி, மலரா போடுங்க. வாழ்த்துரைக்குப் பத்துப் பக்கம், பிரமுகர் படத்துக்குப் பத்துப் பக்கம்னு மலர் போடுறாங்க, யாரும் அத ரெண்டாந்தடவை திறக்குறதில்ல.

ஆண்டு விழாவுக்குப் பஞ்சமே இல்ல நமக்கு. 1816 அக்டோபர் 21, பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் திறந்தப்ப அதுல தமிழ் வகுப்பும் இருந்துச்சு, அத வச்சுத் தான் 2016ல தமிழ்ப்பள்ளிக்கு 200 வருஷம்னு கொண்டாடினோம். நம்ம பக்கத்து ஊரு தஞ்சோங் மாலிம்ல 1922 நவம்பர் 29ல ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியா ஆரம்பிச்சது தான் இப்ப சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமா நிக்குது, நம்ம தோட்டத்துப் பிள்ளைங்க எத்தனை பேர் அங்க படிச்சு ஆசிரியரா வந்திருக்காங்க. 1966 ஏப்ரல்ல முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்தது கோலாலம்பூர்ல, மலாயாப் பல்கலைக்கழகத்துல, அப்ப இந்திய ஆய்வியல் துறைய நடத்திட்டு இருந்த தனிநாயக அடிகள் தான் அதுக்கு முதுகெலும்பு, ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். அதுக்கு 2026ல 60 வருஷம். இந்த நாள்ல எதையாவது ஒண்ண எடுத்து ஒரு சாயங்காலம் உக்காந்து பேசுங்க, மைக் கூட வேணாம்.

கே: சரஸ்வதி பூஜைக்கு லேப்டாப்ப வைக்கலாமா?
முதலாம் வருஷ மாணவன்

ப: தாராளமா வை, அதுல தானே படிக்கிற. நவராத்திரி ஒன்பதாம் நாள் வச்சா, மறுநாள் விஜயதசமிக்கு எடுத்து ஒரு பக்கமாவது படி. அசைன்மென்ட் மறுநாள் கொடுக்கணும்னா முதல்லயே முடிச்சுட்டு வை, பூஜையில இருக்கிறத நடுவுல எடுக்காத.

கே: நாங்க படிக்கிற காலத்துல தீபாவளியும் ஹரி ராயாவும் ஒண்ணா வந்துச்சு, கேம்பஸ்ல ஒரே திறந்த இல்லமா வச்சோம். இப்ப ஏன் அப்படி வர்றதில்ல?
முன்னாள் மாணவர், தாப்பா

ப: 2004ல நவம்பர் 11 தீபாவளி, 14 ராயா. 2005ல நவம்பர் 1ம் 3ம். 2006ல அக்டோபர் 21ம் 24ம். தீபராயான்னு பேரே வச்சோம், ரெண்டு வீட்டு ரெண்டாங்கும் முறுக்கும் ஒரே தட்டுல. இஸ்லாமிய வருஷத்துக்கு 354 நாள் கிட்ட, அதனால ராயா வருஷம் சுமார் 11 நாள் முன்னாடி வந்துக்கிட்டே இருக்கும், அப்பப்ப அதிக மாசம்னு ஒரு மாசத்தச் சேர்த்துக்கிறதால நம்ம தீபாவளி ஐப்பசிய விட்டு நகராது. ரெண்டும் மறுபடி சேர 33 வருஷம் கிட்ட ஆகும். அது வரைக்கும் ராயாவுக்கு அவங்க உங்கள, தீபாவளிக்கு நீங்க அவங்களக் கூப்பிடுங்க, தேதி சேரணும்னு இல்லையே. ஒண்ணு மட்டும் கவனம், ஹலால் பாத்து வாங்கின சாமான்ல தனிப் பாத்திரத்துல சமைங்க, அவங்க கேக்குறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிருங்க.

கே: வர்ற மாசம் எனக்குப் பட்டமளிப்பு. மண்டபத்துக்குள்ள ரெண்டு பேருக்குத் தான் சீட்டு. அப்பா அம்மாவுக்குக் கொடுத்துட்டேன். என்னை வளர்த்தது பாட்டி, முப்பது வருஷம் கித்தா மரம் வெட்டினவங்க. அவங்க நான் வரலய்யா, வீட்டுலயே இருக்கேன்னு சொல்றாங்க. கூட்டிட்டுப் போறதா?
மாணவன், பெஹ்ராங்

ப: கண்டிப்பா கூட்டிட்டுப் போ. வரலன்னு பாட்டி சொல்றது உனக்குச் செலவு வைக்கக்கூடாதுன்னு தான், வர ஆசை இல்லாம இல்ல.

உள்ள நடக்குறது ரெண்டு மூணு மணி நேரம், உன் பேரக் கூப்பிடுறது பத்து செகண்ட். மீதி எல்லாம் வெளியில தான், பூக்கடை, போட்டோ எடுக்குற கூடாரம், ஐஸ்கிரீம் வண்டி, ஊர் ஊரா வந்து மரத்தடியில பாய் விரிச்சு உக்காந்திருக்கிற குடும்பங்க. நெறைய எடத்துல வெளியில திரை கட்டி உள்ள நடக்குறதக் காட்டுவாங்க, எங்க கட்டியிருக்காங்கன்னு முதல் நாளே பாத்து வை. பாட்டி கூட இருக்க தங்கச்சியையோ சித்தப்பாவையோ கூப்பிட்டுக்க, தனியா விடாத. நீ மேடை ஏறப் போற நேரம் எத்தனை மணின்னு அவங்களுக்கு எழுதிக் கொடு.

வெளியில வந்ததும் அங்கியக் கழட்டி பாட்டிக்குப் போட்டு விடு, தொப்பியையும் வை. வேணாம்ய்யா வேணாம்யான்னு சொல்வாங்க, நீ விடாத. அவங்க கையில உளி பிடிச்ச தழும்பு இருக்கும்ல, அந்தக் கையில சான்றிதழ் சுருளக் கொடுத்து, கை தெரியுற மாதிரி படம் எடு. பெரிய படமா கழுவி வீட்டு முன் அறையில மாட்டு.

காலையில வெயிலுக்கு முன்னாடியே நிழல் இருக்கிற எடத்தப் பிடிச்சுருங்க. மடக்குற நாற்காலி ஒண்ணு, பெரிய ஃபிளாஸ்க்ல கோப்பி, பாட்டி மாத்திரை, எல்லாத்தையும் முதல் நாள் ராத்திரியே கார்ல வச்சுடு.